பாக்கியை யார் கொடுத்தது?

உங்களுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். ஒரு நிமிஷம்தான் ஓடும். ஒரு கம்பெனி ஊழியர்கள் நூறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். பின்னணியில் பழைய பாட்டு ஒன்று சோகமாகப் போகிறது. கடைசியில் முன்வரிசைப் பெரியவர் உள்பட எல்லோரும் இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்குகிறார்கள். அப்படி என்ன தப்பு பண்ணிவிட்டார்கள்? ஒரு குச்சி ஐஸின் விலையைப் பத்து யென் ஏற்றிவிட்டார்கள். நம்ம கணக்கில் ஐந்தாறு ரூபாய்.

கூடவே ஒரு வரி வரும். 'ஜப்பான்காரனைப் பார்! நம்ம ஊர்ல இப்படி ஒருத்தன் உண்டா?'

கதை உண்மைதான். ஐஸின் பெயர் காரிகாரி-குன். 'காரிகாரி' என்றால் நம்ம 'நறுக் நறுக்' மாதிரி, கடிக்கிற சத்தம். சைதாமா மாகாணத்தில் ஃபுகாயா என்கிற ஊரில் இருக்கும் அகாகி நியூகியோ கம்பெனி 1981-லிருந்து தயாரிக்கிறது. இருபத்தைந்து வருஷம் 60 யென்னில் வைத்திருந்துவிட்டு, 2016 ஏப்ரலில் 70 யென் ஆக்கினார்கள். அதற்குத்தான் அந்த விளம்பரம். உலகமே பார்த்து உருகியது. 2024-ல் மறுபடி ஏறி 80 யென் ஆச்சு.

உருகுவது இருக்கட்டும். இருபத்தைந்து வருஷம் விலை ஏறவில்லை என்றால் அந்த இருபத்தைந்து வருஷமும் பாலும் சர்க்கரையும் மின்சாரமும் லாரி வாடகையும் ஏறாமலா இருந்தன? ஏறிய பாக்கியை யாரோ கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? அது யார் என்று நாம் கேட்பதே இல்லை. கேட்காமல் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டல் தப்பு என்று சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

ஜப்பானில் 'டகாஷி' என்று ஒரு சாமான் வகை உண்டு. நம்ம பெட்டிக்கடைக் கண்ணாடி பாட்டில் சரக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'காஷி' என்றால் தின்பண்டம், இனிப்பு. 'ட' என்றால் மட்டமான, ஒன்றுக்கும் உதவாத. பெயரிலேயே ஜாதி சொல்லிவிட்டார்கள். எடோ காலத்தில், அதாவது நானூறு வருஷத்துக்கு முன் தொடங்கி 1868 வரை, வெள்ளைச் சர்க்கரை போட்டுச் செய்த இனிப்பெல்லாம் பிரபுக்களுக்கும் பணக்காரர்களுக்கும். ஏழை பாழைகளுக்குக் கறுப்புச் சர்க்கரை, தானியப் பாகு, வறுத்த மாவு. ஒரு 'மோன்' காசுக்குக் கிடைக்கும் என்பதால் அதற்கு 'ஒரு மோன் இனிப்பு' என்றே பெயர். அந்த வம்சத்தில் வந்ததுதான் இன்றைய டகாஷி.

இதை விற்கிற கடை டகாஷியா. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும். பெரும்பாலும் ஒரு பாட்டியம்மா உட்கார்ந்திருப்பார். வீட்டின் முன் அறைதான் கடை. கடைக்கு வருகிற பெரிய மனுஷனுக்கு வயது ஏழோ எட்டோ. அவன் கையில் ஒரே ஒரு பத்து யென் நாணயம். அதை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் யோசிப்பான். யாரும் விரட்ட மாட்டார்கள். கணக்கு, பேரம், ஆசையை அடக்குவது, நண்பனுக்குக் கடன் கொடுப்பது எல்லாவற்றையும் ஜப்பானியக் குழந்தைகள் அங்கேதான் கற்றுக்கொண்டன. நல்ல இடம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தக் கடைகளின் ராஜா உமாய்போ. 1979-ல் வந்தது. இனிப்பு என்று கறாராகச் சொல்ல முடியாது. சோள மாவைப் பொரியாக்கி, நடுவில் ஓட்டை விட்ட குழல் மாதிரிச் செய்து, மேலே சுவைப்பொடி தூவுவார்கள். சீஸ், சோள சூப், மீன்முட்டைக் காரம் என்று வரும். சாக்லேட் பூசியதும் உண்டு. ஒன்று பத்து யென். 1979-ல் பத்து யென். சோவியத் யூனியன் உடைந்தபோதும் பத்து யென். சுனாமி வந்தபோதும் பத்து யென். 42 வருஷம் அசையவில்லை. 2022 ஏப்ரலில் 12 யென் ஆனபோது ஜப்பான் தொலைக்காட்சிகளில் அது பெரிய செய்தி. 2024 அக்டோபரில் 15 யென்.

இன்னொன்று டிரோல் சாக்கோ. ஃபுகுவோகா மாகாணத்தில் தகாவா என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே இருந்த மாட்சுவோ கம்பெனி 1962-ல் ஒரு யோசனை பண்ணியது. சாக்லேட் அப்போது பணக்காரச் சரக்கு. சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரு பத்து யென் நாணயத்துக்கு சாக்லேட் சாப்பிட வேண்டும். மூன்று மேடு வைத்த சின்னப் பட்டை ஒன்றைப் பத்து யென்னுக்குக் கொண்டுவந்தார்கள். எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி வந்தது. விலை 20 ஆகி, 30 ஆகிவிட்டது. பையன்களிடம் இருந்தது அதே பத்து யென். 1979-ல் மூன்று மேட்டை உடைத்து ஒரு மேட்டை மட்டும் தனியாக விற்றார்கள், பத்து யென்னுக்கு.

இதை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று இருந்த இடத்தில் ஒன்று. ஏழு வயதுப் பையனுக்கே கண்ணால் பார்த்தால் தெரியும். ஒளிவு மறைவு இல்லை. பிற்பாடு தொண்ணூறுகளில் இதே சாக்லேட்டைப் பெரிய சங்கிலிக் கடைகளில் விற்க வேண்டி வந்தது. அங்கே பார்கோடு இல்லாமல் சரக்கை எடுக்க மாட்டார்கள். இத்துனூண்டு காகிதத்தில் பார்கோடு அச்சடிக்க இடம் இல்லை. என்ன பண்ணுவது? சாக்லேட்டையே பெரிசாக்கி 20 யென் ஆக்கிவிட்டார்கள். பையனின் நாணயத்துக்குத் தக்கபடி அளவு வைத்த சாக்லேட், இப்போது கல்லாப்பெட்டி மெஷினுக்குத் தக்கபடி வளர்ந்துவிட்டது. யார் வாடிக்கையாளர் என்பது மாறிப்போச்சு.

சரி, பாக்கிக் கணக்குக்கு வருவோம்.

முதல் பாக்கி பாட்டியம்மாவுடையது. ஒரு பத்து யென் சரக்கை விற்றால் அவருக்கு இரண்டு யென் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். டோக்கியோவில் 2025 அக்டோபரில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென். அந்தக் கூலியைப் பாட்டி எடுக்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்தில் 613 சரக்கு விற்க வேண்டும். நிமிஷத்துக்குப் பத்து. கால் மணி நேரம் யோசிக்கிற பையனை வைத்துக்கொண்டு! அப்படியென்றால் அந்தக் கடை எப்படி நடந்தது? வீடு சொந்தம், வாடகை இல்லை. பாட்டிக்குச் சம்பளம் இல்லை. பென்ஷனும் பிள்ளைகள் அனுப்புவதும்தான் சாப்பாடு. அதாவது கடை நடந்ததே பாட்டி தன் உழைப்புக்குக் கணக்குப் போடாததால்தான்.

இதற்கு நடுவே அரசாங்கம் வேறு. 1989 ஏப்ரல் 1-ஆம் தேதி நுகர்வு வரி வந்தது, 3 சதவீதம். பத்து யென்னுக்கு வரி 0.3 யென். ஜப்பானில் ஒரு யென்னுக்குக் கீழே நாணயமே கிடையாது. பையன் கையிலோ ஒற்றை நாணயம். பல பாட்டிகள் 'வரியும் சேர்த்துத்தான் பத்து யென், எடுத்துட்டுப் போ' என்று விட்டுவிட்டார்கள். வரி 5 சதவீதமாச்சு, 8 ஆச்சு. நிதி அமைச்சர்கள் போட்ட வரி சுற்றிச் சுற்றி வந்து இரண்டு யென் லாபத்திலிருந்தே கழிந்தது.

1974-ல் டோக்கியோ டொயோசு பகுதியில் முதல் செவன் இலெவன் கடை திறந்தது. அப்புறம் மூலைக்கு மூலை வந்துவிட்டது. குழந்தைகளும் குறைந்துவிட்டார்கள். பாட்டி போனதும் கடையை எடுத்து நடத்த மகளும் வரவில்லை, பேரனும் வரவில்லை. ஏன் வரவேண்டும்? நிமிஷத்துக்குப் பத்து விற்க அவர்களுக்கு என்ன வேண்டுதலா?

இரண்டாவது பாக்கி தயாரிப்பவருடையது. உமே ஜாம் என்று ஒரு சரக்கு இருந்தது. உமே என்கிற புளிப்புப் பழத்தை அரைத்து, புளிப்பும் உப்பும் இனிப்புமாகச் சின்னப் பொட்டலத்தில் போட்டது. கடித்துக் கிழித்து உறிஞ்ச வேண்டும். போர் முடிந்து ஊர் சாம்பலாகக் கிடந்தபோது, 1947-ல், டோக்கியோவில் ஒரு பதின்வயதுப் பையன் பிழைப்புக்காகத் தொடங்கியது அது. அப்போது சைக்கிளில் வந்து தெருமுனையில் படம் மாற்றி மாற்றிக் கதை சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அப்பளம் மாதிரி ஒன்றில் இந்த ஜாமைத் தடவிப் பிள்ளைகளுக்கு விற்றார்கள். பையன் வளர்ந்தார், கிழவரானார். ஜாம் மட்டும் கடைசிவரை சில்லறைக் காசுச் சரக்காகவே இருந்தது. எழுபது வருஷம் அநேகமாக ஒற்றை ஆளாகத் தயாரித்தார். 2017 டிசம்பரில் நிறுத்தினார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மெஷினும் பழுதாகிவிட்டது.

அந்தச் செய்தி வந்ததும் ஜப்பானில் எத்தனை கண்ணீர்! 'என் குழந்தைப் பருவமே போச்சு' என்று எழுதினார்கள். எழுபது வருஷம் ஒரு மனிதர் ஒரு மெஷினோடு தனியாக நின்றிருக்கிறார். அந்த ஜாம் பொட்டலம் ஐந்து யென் ஜாஸ்தி விற்றிருந்தால் புது மெஷின் வாங்கியிருக்கலாம், ஒரு உதவியாளரைச் சேர்த்துத் தொழிலைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். மலிவாக இருக்கிறது என்று கொண்டாடியே அதை மூட வைத்துவிட்டார்கள். கொண்டாடியவர்களே அழுதார்கள்.

இதைவிடப் பெரிய சாவு 2023-ல். சகுமா டிராப்ஸ் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இசாவோ தகாஹாடா இயக்கிய 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' என்கிற 1988 படத்தைப் பார்த்தவர்கள் மறக்க முடியாத தகர டப்பா. போர்க்காலத்தில் ஒரு அண்ணனும் குட்டித் தங்கையும். டப்பாவில் மிட்டாய் தீர்ந்த பிறகு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்த இனிப்புத் தண்ணீரைக் குடிப்பார்கள். பார்த்துவிட்டு ராத்திரி தூங்காதவர்கள் உண்டு. 1908-ல் பிறந்த மிட்டாய் அது. போருக்குப் பிறகு சகுமா என்கிற பெயரில் இரண்டு கம்பெனிகள் வந்தன. பச்சை டப்பா கம்பெனி இன்றும் இருக்கிறது. சிவப்பு டப்பா கம்பெனி 2022 நவம்பரில் கடையை மூடப் போவதாக அறிவித்தது. மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, எரிபொருள் விலை ஏறிவிட்டது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கொரோனாவில் விற்பனை படுத்துவிட்டது. 2023 ஜனவரி 20-ல் மூடியது.

அறிவிப்பு வந்த சில நாளில் கடைகளில் சிவப்பு டப்பா காலி. இணையத்தில் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை! நூறு, இருநூறு யென் ஏற்றினால் யார் வாங்குவார்கள் என்று பயந்து பயந்து செத்த கம்பெனியின் டப்பாவுக்கு, செத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்க ஆள் இருந்தது. இந்த அன்பர்கள் கடைசியாக எப்போது அந்த மிட்டாயை வாங்கினார்கள் என்று ஒரு கணக்கு எடுத்திருக்க வேண்டும். 2024 மார்ச்சில் மெய்ஜி கம்பெனி தன் செல்சீ மிட்டாயை நிறுத்தியபோதும் இதே கூத்து. 1971-லிருந்து இருந்த மிட்டாய். இருக்கும்போது வாங்காதவர்கள் இறந்ததும் மாலை போடுவதில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

விலை ஏற்றப் பயப்படுகிறவர்கள் எல்லோரும் கடையை மூடுவதில்லை. பெரிய கம்பெனிகளுக்கு வேறு வித்தை தெரியும். பாக்கெட் அதே பாக்கெட். படம் அதே படம். விலை அதே விலை. உள்ளே மட்டும் எண்ணிக்கை குறையும். ஜப்பானியர்கள் இதற்கு 'ஸ்டெல்த் நேஆகே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சத்தமில்லாத விலையேற்றம். ரேடாரில் மாட்டாத விமானம் மாதிரி.

ஃபுஜியா கம்பெனியின் 'கன்ட்ரி மாம்' என்கிற மெத்து மெத்து பிஸ்கட் 1984-லிருந்து பிரபலம். குடும்பப் பை என்று ஒரு பெரிய பை விற்பார்கள். வருஷங்கள் போகப் போக அதிலிருக்கும் எண்ணிக்கை இருபதுக்கும் கீழே இறங்கிவிட்டது. ரசிகர்கள் லேசுப்பட்டவர்களா? எந்த வருஷம் எத்தனை இருந்தது என்று வரைபடம் போட்டு, கோட்டை நீட்டி, இப்படியே போனால் எந்த வருஷத்தில் பைக்குள் ஒன்றுமே இருக்காது என்று கணக்குச் சொல்லிவிட்டார்கள். நாடே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து வணங்கினாலும் காரிகாரி-குன் கம்பெனி வெளியே வந்து விலையை ஏற்றினோம் என்று சொன்னது. டிரோல் சாக்கோ மூன்றை ஒன்றாக்கியதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பையைக் கொழுக்க வைத்து உள்ளே காற்றடைப்பது வேறு ஜாதி. அதில் ஒரு அவமரியாதை இருக்கிறது. 'உனக்கு எண்ணத் தெரியாது' என்று வாங்குகிறவனைப் பார்த்துச் சொல்வது அது. அந்த வித்தை நம்ம ஊர் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். நாமும் சிரித்துவிட்டு டீயில் தோய்த்துக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு விஷயம். கம்பெனிகள் ஏன் இந்தத் திருட்டுத்தனத்துக்குப் போகின்றன? விலையை ஏற்றினால் 'பேராசை' என்போம். எடையைக் குறைத்தால் கவனிக்க மாட்டோம். நேர்மையாக நடந்தவனுக்குத் தண்டனை, ஏமாற்றினவனுக்கு வியாபாரம் என்று நாம்தான் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். விலை ஏறாததே ஒழுக்கம் என்று புல்லரிக்கிற ஒவ்வொருவரும் அந்தச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

மூன்றாவது பாக்கி ரொம்ப தூரத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை மூட முடியாது.

ஜப்பானுக்கு வருகிற கொக்கோ கொட்டையில் பெரும்பகுதி கானாவிலிருந்து வருகிறது. லோட்டே கம்பெனி 1964-லிருந்து விற்கும் சிவப்பு உறை சாக்லேட்டுக்குப் பெயரே 'கானா'தான். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு கானா என்றால் முதலில் சாக்லேட், அப்புறம்தான் நாடு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் 2020-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. கானாவிலும் பக்கத்து ஐவரி கோஸ்ட்டிலும் 2018-19 பருவத்தில் கொக்கோத் தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர்கள் 15.6 லட்சம் பேர். அரிவாளால் காய் வெட்டுவது, மூட்டை தூக்குவது, மருந்தடிக்கும் இடத்தில் நிற்பது.

சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் சாக்லேட் சாப்பிட வேண்டும் என்று தகாவாவில் ஒருவர் நினைத்தது அழகான நினைப்பு. ஆனால் உலகம் முழுக்க சாக்லேட் எப்படி மலிவாக இருந்தது? விவசாயிக்குக் கூலி ஆள் வைக்கக் கட்டுப்படியாகாத விலை. அவன் தன் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறான். இங்கே ஒரு பிள்ளை கால் மணி நேரம் யோசித்து வாங்குகிற சந்தோஷத்துக்கு, அங்கே ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் பாக்கி கட்டுகிறது. ஜப்பான் மட்டும் இல்லை. நீங்களும் நானும் தின்கிற சாக்லேட்டும் இதே கணக்கில்தான் வருகிறது.

2024 டிசம்பரில் கொக்கோ விலை நியூயார்க் சந்தையில் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. இரண்டு வருஷத்துக்கு முன் 2,500 டாலர் பக்கம் இருந்தது. விளைச்சல் படுத்துவிட்டது. நோயும் மழையும் காரணம். ஆனால் வருஷக்கணக்காக மரத்தை மாற்றி நட விவசாயியிடம் காசு இல்லை என்பதும் காரணம். கானாவில் பருவத்துக்கு முன்பே அரசாங்க வாரியம் விலை நிர்ணயித்துவிடும் என்பதால் அந்த உச்ச விலை அவன் கைக்கு முழுசாகப் போகவும் இல்லை. அப்புறம் சந்தை விலை சரிந்துவிட்டது. மலிவாகவே வாங்கி வாங்கி மரத்தையே காய வைத்துவிட்டு, திடீரென்று விலை ஏறியதும் உலகமே 'ஐயோ, சாக்லேட்!' என்று அலறியது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள். 'அதெல்லாம் சரி. ஏழைப் பிள்ளை என்ன பண்ணும்? அதன் கையில் பத்து யென்தானே இருக்கிறது? விலையை ஏற்று என்று சொல்கிறீர்களே, வாய்க்கு ஒரு இனிப்புகூட அதற்குக் கிடைக்கக் கூடாதா?'

நியாயமான கேள்வி. டகாஷிக்கு வக்காலத்து வாங்குகிற எல்லோரும் கடைசியில் இந்தப் பிள்ளையைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அதனால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்ப்போம்.

ஜப்பான் அரசாங்கத்தின் கணக்குப்படி 2021-ல் அந்த நாட்டுப் பிள்ளைகளில் 11.5 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழே. ஒன்பதில் ஒன்று. ஒற்றைப் பெற்றோர் வீடுகளில் 44.5 சதவீதம். கணவன் இல்லாமல், பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு பிள்ளை வளர்க்கிற அம்மாக்கள்தான் இதில் அதிகம். 2012-ல் டோக்கியோ ஓடா வட்டாரத்தில் ஒரு காய்கறிக் கடைக்கார அம்மா பிள்ளைகளுக்காக ஒரு சாப்பாட்டுக்கூடம் ஆரம்பித்தார். பெயர் கொடோமோ ஷோகுடோ. அதைப் பார்த்து ஊர் ஊராகத் தொடங்கி, 2024-ல் நாடு முழுக்கப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. எல்லாமே ஏழைகளுக்கு மட்டும் என்றில்லை, தனிமை போக்கவும் வருகிறார்கள். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். உலகத்தின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்றில், பிள்ளைகளுக்குச் சோறு போட அக்கம்பக்கத்தார் நடத்தும் சமையல்கூடங்கள் பத்தாயிரம்.

விலை ஏறாத அதே முப்பது வருஷத்தில் ஜப்பானில் சம்பளமும் ஏறவில்லை. இது தற்செயல் இல்லை. பத்து யென்னுக்கு மேல் விற்கக் கூடாது என்றால் தொழிற்சாலையில் பொட்டலம் போடுகிற பெண்ணுக்கு எங்கிருந்து சம்பளம் ஏற்றுவார்கள்? அவளும் ஒரு பிள்ளைக்கு அம்மா. அவளுக்குச் சம்பளம் கட்டிப்போட்டுவிட்டு அவள் பிள்ளைக்குப் பத்து யென் மிட்டாய் கொடுத்தால் அது தர்மமா? உமாய்போ 10 யென்னிலிருந்து 15 யென் ஆனதால் ஒரு ஏழைப் பிள்ளை ஏழை ஆகவில்லை. அதன் அம்மாவுக்கு மணிக்கு நூறு யென் கூடக் கொடுத்தால் அது ஆறு உமாய்போ. மிட்டாயை மலிவாக வைத்திருப்பது அரசாங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் சௌகரியம். பிள்ளை சிரிக்கிறது, படம் எடுக்கலாம். அம்மாவின் சம்பளச் சீட்டை யாரும் படம் எடுப்பதில்லை.

நான் மிட்டாய்க்கு எதிரி இல்லை. கையில் ஒற்றை நாணயத்தோடு ஒரு பிள்ளை தனியாகக் கடைக்குப் போய், தானே தேர்ந்தெடுத்து வாங்கக்கூடிய ஒரு இடம் உலகத்தில் இருந்தே ஆக வேண்டும். அது இருக்க வேண்டும் என்பதால்தான் சொல்கிறேன், அதை நடத்துகிறவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். பத்து யென் நாணயம் போய் இருபது யென் ஆகட்டும், ஐம்பது ஆகட்டும். பிள்ளையின் கையில் அந்த ஐம்பதை வைக்கிற அளவுக்கு அதன் வீட்டில் வருமானம் இருக்கட்டும். வரிசை இதுதான்.

ஜப்பானிலேயே இது கொஞ்சம் உறைக்க ஆரம்பித்திருக்கிறது. 2026 ஜனவரி 1-ஆம் தேதி ஒரு திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. சின்ன சப்ளையர் 'செலவு ஏறிவிட்டது, விலையைப் பேசலாம்' என்று வந்தால், பெரிய கம்பெனி அவரை உட்கார வைத்துப் பேசியே ஆக வேண்டும். பேசாமல் தன்னிஷ்டத்துக்கு விலையைத் தீர்மானிக்கச் சட்டப்படி தடை. பேச்சுவார்த்தைக்கு உட்காரவே சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால், அதுவரை என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு முன்னால் நூறு பேர் குனிந்து வணங்கிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இத்தனை வருஷம் நஷ்டத்தைத் தாங்கிய சின்ன சப்ளையர்களைப் பார்த்து யாராவது குனிந்த படம் உங்கள் போனுக்கு வந்ததா?

இப்போது நம்மவர்கள் நிறையப் பேர் ஜப்பானுக்குப் போகிறார்கள். பெட்டி நிறைய மிட்டாய் வாங்கி வந்து, 'எவ்வளவு சீப் தெரியுமா!' என்று கடை பரப்புகிறார்கள். போகிறவர்கள் போய்விட்டு வாருங்கள். பெரிய கடையை விட்டு ஒரு சந்துக்குள் நுழைந்து, பாட்டியம்மா உட்கார்ந்திருக்கும் கடை ஒன்று மிச்சமிருந்தால் அங்கே வாங்குங்கள். விலை ஏறியிருந்தால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். இங்கே இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பி எத்தனை கிராம் என்று படியுங்கள். எடையைக் குறைத்து ஏமாற்றினவனை விட்டுவிட்டு, விலையை ஏற்றிக் காரணம் சொன்னவனிடம் வாங்குங்கள்.

அப்புறம், விலையை ஏற்றுகிற நேர்மையான மிட்டாய்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குனிய வேண்டாம் சார். பாட்டிக்கு இவ்வளவு, பொட்டலம் போடும் பெண்ணுக்கு இவ்வளவு, கானா விவசாயிக்கு இவ்வளவு என்று கணக்கைப் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்துவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். பார்கோடுக்கு இடம் கண்டுபிடித்தவர்களால் இதற்கும் இடம் கண்டுபிடிக்க முடியும்.